பிறந்த பெயரும் புகுந்த பெயரும்

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, இரண்டாமாண்டு மாணவிகளுக்கு எலிசபெத் கேஸ்கல் பற்றிய வாழ்க்கைக் குறிப்பை ஒரு மாணவி உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். "எலிசபெத் கேஸ்கல், நீ ஸ்டீவன்சன்" என்று வாசித்தவள் நிறுத்திவிட்டாள். "மேடம், இங்க யாரப் பாத்து 'நீ'ங்கறாங்க?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அது ஆங்கிலச் சொல் அல்ல, பிரெஞ்சுச் சொல். 'நே' என்று உச்சரிக்க வேண்டும், 'பிறந்தவள்' என்று பொருள். திருமணத்துக்கு முன்பு அந்தப் பெண்ணுக்கு என்ன குடும்பப் பெயர் இருந்தது என்று சொல்வதற்காக ஆங்கிலத்தில் அதைப் பயன்படுத்துகிறார்கள். கேஸ்கல் என்பது கணவர் வழி வந்த பெயர், ஸ்டீவன்சன் என்பது தந்தை வழிப் பெயர். இவ்வளவையும் விளக்கி முடித்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"ஆம்பளைக்கு என்ன மேடம் போடுவாங்க?"

"ஒரு எழுத்து குறைச்சு எழுதினா அது ஆண்பால். ஆனா பெரும்பாலும் தேவைப்படாது. அவங்க பேருதான் மாறாதே."

"அப்ப அவங்கல்லாம் பிறக்கவே இல்லையா மேடம்?"

மறுபடி சிரிப்பு. நான் பாடத்தைத் தொடர்ந்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. பிறந்தவள் என்று ஒருத்திக்கு ஏன் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது? எங்கிருந்து வந்தாள் என்பதை ஒரு சிறு சொல்லில் ஒட்டிவைக்க வேண்டிய நிலை ஏன் அவளுக்கு மட்டும்? அதையும் சொந்த மொழியில் சொல்லாமல், பக்கத்து வீட்டில் சொல்லை இரவல் வாங்கி ஏன் சொல்கிறார்கள்?

இரவல் வாங்குவது தவறில்லை. நம் ஊரில் அன்றாடம் புழங்கும் சொற்களில் எத்தனை பிரெஞ்சு வழி வந்தவை என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பேருந்து நிற்கும் டெப்போ, மேட்னி ஷோ, ஓட்டலில் நீட்டும் மெனு, கல்யாண மேடையில் கொடுக்கும் பொக்கே எல்லாம் ஆங்கிலத்தின் பெட்டிக்குள் உட்கார்ந்து வந்த பிரெஞ்சுச் சொற்கள். நம் வீடுகளில் நிற்கும் பீரோவும் அப்படித்தான். மேசை மேல் விரிக்கும் முரட்டுக் கம்பளித் துணிக்கு இருந்த பெயரிலிருந்து அந்தச் சொல் கிளைத்தது. பிறகு எழுதும் மேசைக்கு ஆகி, பின்னர் அந்த மேசை இருக்கும் அலுவலகத்துக்கும் ஆனது. பிரான்சில் அது இன்றும் எழுதுகிற இடம், வேலை செய்கிற இடம். நம் ஊரில் மகளுக்குச் சீரோடு அனுப்புகிற இரும்பு அலமாரி. அவளுடைய நகையும் பட்டுப்புடவையும் பள்ளிச் சான்றிதழும் அதற்குள் இருக்கும். சாவி யார் இடுப்பில் இருக்கும் என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பக்கம் நேரடியாக வந்ததும் உண்டு. 1751-ல் வாலிகண்டபுரத்தை ஒட்டி, ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கம் நடந்த போரில் சந்தா சாகிபுக்குத் துணையாகப் பிரெஞ்சுப் படையும், முகமது அலிக்குத் துணையாக ஆங்கிலப் படையும் நின்றன. அன்று பின்வாங்கித் திருச்சிக்கு ஓடியவர்கள் ஆங்கிலேயர்கள். ஆனால் கடைசியில் நாட்டைப் பிடித்தவர்களும் அவர்களே. அதனால் வென்றவர் மொழிக்குள் ஒளிந்துதான் தோற்றவர் சொற்கள் நமக்கு வந்து சேர்ந்தன. இங்கிலாந்தில் கதை வேறு மாதிரி. 1066-ல் நார்மன்கள் அந்நாட்டைப் பிடித்தார்கள். அரசவையிலும் நீதிமன்றத்திலும் சில நூற்றாண்டுகள் பிரெஞ்சே புழங்கியது. ஆளுபவரின் மொழியாக அது உட்கார்ந்த இடங்களில் சட்டம் முக்கியமானது.

அந்தச் சட்டப் பிரெஞ்சு ஆங்கிலத்துக்குக் கொடுத்த இரண்டு சொற்றொடர்கள் பெண்களைப் பற்றியவை. ஒன்று 'ஃபெம் சோல்', தனித்த பெண். மணமாகாதவளும் கைம்பெண்ணும் இதில் அடங்குவார்கள். மற்றது 'ஃபெம் கோவர்ட்', போர்த்தப்பட்ட பெண். மணமானவள். கணவன் என்ற போர்வைக்குள் அவள் வந்துவிட்டதால் சட்டத்தின் கண்ணுக்குத் தனியாகத் தெரியமாட்டாள். அவள் பேரில் ஒப்பந்தம் செய்ய முடியாது, அவள் சம்பாத்தியம் அவளுடையது ஆகாது. 1765-ல் வெளிவந்த பிளாக்ஸ்டோனின் சட்ட விளக்க நூல், மணத்தால் கணவனும் மனைவியும் சட்டத்தில் ஒரே ஆளாகிவிடுகிறார்கள் என்று இதை விவரித்தது. அந்த ஒரே ஆள் யார் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1882-ல் வந்த மணமான பெண்கள் சொத்துச் சட்டம்தான் இங்கிலாந்தில் அந்தப் போர்வையைப் பெருமளவு விலக்கியது. 1848-ல் கேஸ்கலின் முதல் நாவல் 'மேரி பார்ட்டன்' வெளிவந்தபோது அதில் ஆசிரியர் பெயரே இல்லை. பின்னாளில் 'மிஸஸ் கேஸ்கல்' என்று அச்சிட்டார்கள். எழுதியவள் போர்வைக்குள் இருந்த காலம் அது.

இப்படிப் பார்த்தால் 'நே' என்பது போர்வையின் ஓரத்தில் தெரியும் ஒரு விரல். உள்ளே வேறு ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு ஒரு பழைய பெயர் உண்டு என்று அது சொல்கிறது.

நமக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்கலாம். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டிய சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. பெண்ணுக்கும் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டதும் அதே மாநாடுதான். சாதிப் பட்டம் பெருமளவு போயிற்று. ஒற்றை எழுத்து மட்டும் முன்னால் நின்றது. தமிழ்ப் பெண்ணின் பெயர் அவளுடையதே, மாறுவது இனிஷியல்தான், அதில் என்ன வந்தது என்று கேட்பவர்கள் உண்டு.

என்ன வந்தது என்பதை அந்த ஒற்றை எழுத்தைச் சுமந்து அலுவலகம் அலுவலகமாக நடந்தவளிடம் கேட்க வேண்டும். மணமானதும் பெண்ணுக்கு நடக்கும் முதல் காகித வேலைகளில் ஒன்று, பிறந்த வீட்டு ரேஷன் அட்டையிலிருந்து பெயரை நீக்குவது. பெயர் நீக்கல் சான்று வாங்கினால்தான் புகுந்த வீட்டு அட்டையில் பெயர் சேரும். அதுவரை த/பெ என்று இருந்த இடத்தில் க/பெ வந்து உட்காரும். மணமானால் பெயரையோ இனிஷியலையோ மாற்றியாக வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பவர் கேட்காமலே மாற்றி எழுதிவிடுவார். மாமனார் வீட்டில் கேட்காமலே எதிர்பார்ப்பார்கள். இந்தப் பெண்ணும் பெரும்பாலும் அதை ஒரு பொருட்டாக நினைக்கமாட்டாள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, வங்கிக் கணக்கில் ஒரு எழுத்து என்று இருபது ஆண்டுகள் ஓடும். என்றைக்கோ ஒரு நாள் யாரோ ஒருவர் கேட்பார்: இந்த மூன்று பேரும் ஒருவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?

என் பெரியம்மாவிடம் அப்படிக் கேட்டார்கள். செந்துறைப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 1984-ல் மணமாகிப் பக்கத்து ஊருக்குப் போனார். ஐந்தாம் வகுப்புவரை படித்தார். பிறப்பைப் பதிவு செய்யவில்லை. தாத்தா இறந்து சில ஆண்டுகள் கழித்து நிலத்தைப் பிரிக்கும் பேச்சு வந்தபோது, வாரிசுச் சான்றிதழில் அவர் பெயரையும் சேர்க்க வேண்டியிருந்தது. கையில் இருந்த எல்லாக் காகிதத்திலும் அவர் இன்னாரின் மனைவி. இன்னாரின் மகள் என்று ஒன்றில்கூட இல்லை. "நீங்க அவரு மகதான்னு எதுல இருக்கு?" என்று அலுவலகத்தில் கேட்டதைச் சொல்லும்போது பெரியம்மாவுக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார். "எங்கம்மா வயித்துல இருக்குன்னு சொல்லலாம்னு பாத்தேன், அவங்களும் இல்ல" என்றார்.

பள்ளிக்கூடப் பதிவேட்டில் தேடி, ஊரில் மூத்தவர்களைச் சாட்சிக்கு அழைத்து, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு சான்று வாங்க எட்டு மாதம் ஆயிற்று.

இந்த எட்டு மாதத்தில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது எங்கள் பக்கத்துப் பாறைகள். சொன்னால் வேடிக்கையாக இருக்கும், ஆனால் பெயர் என்ற விஷயத்தில் அவற்றுக்கு நடந்தது யோசிக்கத் தக்கது. பெரம்பலூரும் அரியலூரும் ஒரு காலத்தில் கடலடியில் இருந்த நிலம். சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரமும், காரைப் பக்கம் கிடைக்கும் சுருள் சிப்பிக் கற்களும், கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் படுகையில் குவிந்திருக்கும் சிப்பிகளும் அந்தக் கடல் விட்டுப்போனவை. இந்தப் படிவங்கள் சேர்ந்த காலத்தை உலகம் முழுவதும் புவியியலாளர்கள் கிரெட்டேசியஸ் என்கிறார்கள். பெல்ஜிய அறிஞர் தோமாலியுஸ் தலூவா 1822-ல் பிரெஞ்சில் வைத்த பெயர் அதற்கு மூலம். அந்தக் காலத்தின் உட்பிரிவுகளில் பலவற்றுக்கும் பிரெஞ்சு ஊர்ப் பெயர்கள்தான். லெ மான் நகரின் பழம்பெயரிலிருந்து செனோமேனியன், தூர் நகரிலிருந்து துரோனியன் என்று அல்சிட் தோர்பின்யி வைத்தார். 1857-ல் ஆன்றி கொக்கான் கோன்யாக் நகரை வைத்துக் கோனியேசியனையும், ஷாம்பாஞ் பகுதியை வைத்துக் கம்பேனியனையும் சேர்த்தார். ஆக, காரையில் காலடியில் மிதிபடும் களிமண்ணின் ஒரு பகுதி செனோமேனியன். சில்லக்குடிப் பாறை கம்பேனியன். ஆலத்தூர் வட்டத்து மானாவாரி நிலத்துக்கடியில் ஷாம்பாஞ் கிடக்கிறது என்று மாணவிகளிடம் சொல்வேன், ரசிப்பார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1862-ல் வெளிவந்த தம் ஆய்வில் ஹென்றி பிளான்ஃபோர்டு இப்பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து இந்த ஊர்ப் பெயர்களையே வைத்தார். பின்னால் வந்தவர்களும் காரை, சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், நின்னியூர் என்று ஊர்ப் பெயராலேயே படிவங்களை அழைத்தார்கள். இன்று எந்த நாட்டு ஆய்வாளர் எழுதினாலும் 'கல்லங்குறிச்சி' என்று எழுதியே ஆக வேண்டும். உலகப் பெயர் வேறு, ஊர்ப் பெயர் வேறு. ஒன்று வந்ததும் மற்றதை அழிக்கவில்லை. இரண்டும் ஒரே பாறைதான் என்று நிரூபிக்கும் வேலையைப் பாறையிடம் யாரும் விடவில்லை. அது ஆய்வாளர்களின் வேலை.

மாவட்டத்தையும் பாருங்கள். 2001 ஜனவரியில் பெரம்பலூரிலிருந்து அரியலூரைத் தனியாகப் பிரித்தார்கள். 2002 மார்ச்சில் மறுபடி சேர்த்தார்கள். 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். தனியாகப் போய், திரும்பி வந்து, மீண்டும் தனியாகப் போன அரியலூரை யாரும் ஏளனம் செய்யவில்லை. அரசாணை போட்டார்கள், பெயர்ப்பலகையை மாற்றினார்கள், முடிந்தது. புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்த பெண்ணுக்கு மட்டும் நம் மொழியில் வாழாவெட்டி என்று ஒரு சொல் இருக்கிறது. அதை நாம் எந்த மொழியிலிருந்தும் இரவல் வாங்கவில்லை.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். இரண்டையும் எதிர்கொள்ளாமல் போனால் நான் சொல்வது புலம்பலாகிவிடும்.

முதல் மறுப்பைப் பெண்ணியவாதிகளே சொல்வார்கள். 'நே'க்குப் பின்னால் வரும் பெயர் மட்டும் அவளுடையதா? அதுவும் ஒரு ஆணின் பெயர்தானே? த/பெ என்பதைக் காப்பாற்றக் க/பெ என்பதோடு சண்டை போடுவதில் என்ன விடுதலை? உண்மைதான். பிறந்த பெயர் என்றாலே புனிதம் என்று சொல்ல முடியாது. நம் கிராமங்களில் நான்காவது ஐந்தாவது பெண்ணுக்குப் போதும்பொண்ணு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரோடு ஒருத்தி ஐம்பது ஆண்டு வாழ்ந்து, ரேஷன் கடை வரிசையில் அந்தப் பெயரைக் கூப்பிடக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். அவள் வேறு பெயர் தேடிக்கொண்டால் நான் கைதட்டுவேன்.

பெயரைத் தாமே தேடிக்கொண்ட பெண்கள் இருக்கிறார்கள். 1791-ல் பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலாம்ப் த கூஜ் பிறந்தபோது மரி கூஸ். கணவர் ஓப்ரி இறந்த பிறகு, திருமதி ஓப்ரியாகவோ ஓப்ரியின் விதவையாகவோ அறியப்பட அவர் சம்மதிக்கவில்லை. தாயின் பெயரில் இருந்த ஒலாம்ப்பை எடுத்துக்கொண்டார், தந்தை வழிப் பெயரைத் தன் விருப்பத்துக்குத் திருத்திக்கொண்டார். 1793-ல் கில்லட்டினில் தலை போனது, அவர் உண்டாக்கிய பெயர் போகவில்லை. நமக்கு அருகில் துவரங்குறிச்சியில் இருந்து எழுதிய சல்மாவுக்கும் அது புனைபெயர்தான். வீட்டுக்குத் தெரியாமல் எழுத அந்தப் பெயர் அவருக்குக் கதவாக இருந்தது. ஆங்கிலத்தில் புனைபெயரைச் சொல்லும் 'நோம் த பிளூம்' என்ற தொடர் பிரெஞ்சு போலத் தெரியும், ஆனால் ஆங்கிலேயர்களே கோத்துக்கொண்டது அது. இரவல் வாங்கிய துணியில் தனக்கு ஏற்பத் தைத்துக்கொண்ட சட்டை மாதிரி. புனைபெயரும் அப்படித்தான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. பெயர் நிலைத்துவிட்டால் உரிமை வந்துவிடுமா? இதற்கு 'நே' பிறந்த நாட்டையே பார்க்கலாம். புரட்சிக் காலத்தில், 1794 ஆகஸ்டில், பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எந்தக் குடிமகனும் சூடக் கூடாது என்று பிரான்சில் சட்டம் போட்டார்கள். அதன்படி அங்கே மணத்தால் ஒரு பெண்ணின் சட்டப் பெயர் மாறுவதே இல்லை. கணவர் பெயரைச் சொல்லிக்கொள்வது வழக்கம், அவ்வளவே. ஆங்கிலத்தில் தொலைந்துபோன பெயருக்கு அடையாளமாக நிற்கும் சொல், சொந்த ஊரில் தொலையாத பெயருக்கு உரியது! ஆனால் அதே பிரான்சில் 1804-ல் வந்த நெப்போலியன் சட்டத் தொகுப்பு மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றது. பெண்ணுக்கு வாக்குரிமை 1944-ல்தான் கிடைத்தது. கணவன் சம்மதமின்றி மனைவி வங்கிக் கணக்குத் தொடங்க 1965 ஆயிற்று. 'மத்மசெல்' என்று மணமாகாதவளைத் தனியாகக் குறிக்கும் சொல்லை அரசு விண்ணப்பங்களிலிருந்து நீக்க 2012 வரை காத்திருந்தார்கள். பெயர் பத்திரமாக இருந்தது, பெயருக்கு உரியவள் கட்டுண்டு கிடந்தாள்.

இரண்டு மறுப்புகளையும் ஏற்ற பிறகு எனக்கு மிஞ்சுவது இதுதான். பெயர் மாறுவது அநியாயம் அல்ல. மாறாமல் இருப்பது விடுதலையும் அல்ல. ஒரு மாற்றம் நியாயமா என்று அறிய மூன்று கேள்விகள் கேட்கலாம். மாற்றியது யார்? பழையதும் புதியதும் ஒன்றே என்று நிரூபிக்கும் சுமை யார் தலையில்? திரும்பிப் போக வழி இருக்கிறதா? ஒலாம்ப் த கூஜும் சல்மாவும் தாமே மாற்றிக்கொண்டார்கள். பாறைக்குச் சுமை இல்லை. அரியலூருக்குத் திரும்பும் வழி இருந்தது. பெரியம்மாவுக்கு இந்த மூன்றில் ஒன்றும் இல்லை.

சட்டம் இந்தக் கேள்விகளுக்கு மெதுவாகத்தான் வந்தது. 1989-ல் தமிழ்நாடு செய்த வாரிசுரிமைத் திருத்தம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு கொடுத்தது, பெருமைக்குரியது. ஆனால் அது அமலுக்கு வந்த மார்ச் 25-க்கு முன்பே மணமாகிப் போன மகள்களை வெளியே நிறுத்தியது. அண்ணன் எப்போது மணம் செய்துகொண்டான் என்று யாரும் கேட்கவில்லை. 2005-ல் வந்த மத்தியத் திருத்தம் அந்தத் தடையை எடுத்தது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005-ல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை என்று தெளிவாக்கியது. பிறப்பால். என் மாணவி 'நீ' என்று வாசித்த அந்தச் சொல்லின் பொருளும் அதுதான். பிறந்தவள் என்பது பழைய முகவரி மட்டும் அல்ல, ஒரு பங்குக்கான காரணமும்கூட.

பெரியம்மாவின் கதையை முடிக்க வேண்டும். சான்று கிடைத்தது. தாத்தாவின் மகள் என்று எழுத்தில் வந்தது. அடுத்த மாதமே பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போய் மாமாக்களுக்குத் தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்துக்குத் தமிழில் விடுதலைப் பத்திரம் என்று பெயர். யாருக்கு விடுதலை என்று நான் கேட்டேன். எட்டு மாதம் அலைந்து இதற்கா என்று கோபப்பட்டேன்.

"கையெழுத்து வேணுமின்னு அவனுங்க கேட்டானுங்க. அதுக்கு முன்னாடி முப்பது வருசம் எதுக்காச்சும் என் கையெழுத்தக் கேட்டிருக்கானுங்களா?" என்றார். "இல்லாதவ கிட்ட எடுத்துக்கிட்டா அது அவங்க பாடு. இருக்கறவதான் கொடுக்க முடியும். நான் கொடுத்தேன்."

அவர் சொன்னது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. தம்பிமார் வீட்டு வாசலில் தன் வரவு நின்றுபோகுமோ என்ற அச்சம் அந்தக் கொடையில் எவ்வளவு கலந்திருந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். ஒரு மொழி தன் சொல்லை இரவல் கொடுத்தால் அதனிடம் அந்தச் சொல் குறைவதில்லை. நிலம் அப்படி அல்ல. ஆனால் அந்தச் சான்றை அவர் தூக்கிப் போடவில்லை. கல்யாணத்துக்குச் சீராக வந்த பீரோவில், லாக்கருக்குள், நகைக்கடைப் பைக்குள் மடித்து வைத்திருக்கிறார். சாவி அவரிடம் இருக்கிறது.